பேட் ரிலிஜனின் 2004 ஆல்பத்தை இன்று கேட்பவனுக்கு என்ன இருக்கிறது?

ஒற்றைக்கட்டை எழுதியது:

எனக்கு 21 வயது. மூன்று ஆண்டுகளாக டிரம்ஸ் பழகுகிறேன். பேட் ரிலிஜன் என்ற அமெரிக்க பங்க் குழுவை (வேகமும் கோபமும் கொண்ட ராக் இசை) ‘சஃபர்’ ஆல்பம் வழியாகத்தான் அறிந்தேன். 1988-இல் வந்தது, 15 பாடல்கள், அரை மணி நேரம்கூட ஆகாது. அதைப் பல நூறு முறை கேட்டிருப்பேன். போன வாரம்தான் அவர்களுடைய 2004 ஆல்பமான ‘தி எம்பயர் ஸ்டிரைக்ஸ் ஃபர்ஸ்ட்’ (பேரரசு முதலில் அடிக்கிறது) பக்கம் வந்தேன். பாதிப் பாடல்கள் உடனே பிடித்துக்கொண்டன. மீதிப் பாதியில் யாரோ இரண்டு பேர் எனக்குத் தெரியாத ஒரு சண்டையைப் பற்றிப் பேசுவதைக் கதவுக்கு வெளியே நின்று கேட்பதுபோல் இருந்தது. இராக் போர் தொடங்கியபோது நான் பிறக்கவே இல்லை.

அரசியல் பாட்டு என்பது நேற்றைய செய்தித்தாள், தேதி போனால் உயிரும் போய்விடும் என்கிறான் என்னோடு வாசிக்கும் நண்பன். அவனுக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இந்த ஆல்பம் வந்த நாளிலேயே கேட்டவர்கள் இங்கே இருப்பீர்கள். அன்று அது உங்களுக்கு என்னவாக இருந்தது? இன்றும் கேட்கிறீர்களா?

சாம்பல்நிறக் காலை எழுதியது:

தம்பி, நான் கேட்டிருக்கிறேன், இன்றும் கேட்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2003 அக்டோபரில் நான் சான் டியாகோவில் ஆராய்ச்சி மாணவி. அந்த மாதம் 26-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. காலையில் எழுந்து திரையை விலக்கினால் சூரியன் செம்பு நிறத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கார்க் கண்ணாடி முழுக்கச் சாம்பல். விரலால் தொட்டால் மாவு போல ஒட்டியது. சீடர் தீ என்று பெயர் வைத்தார்கள். 15 பேர் இறந்தார்கள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. கிழக்கே பாலைவனத்திலிருந்து இறங்கும் சான்டா ஆனா காற்றுதான் அதை அந்த வேகத்தில் ஓட்டி வந்தது. நாங்கள் நான்கு பேர் ஓர் அறையில் ஜன்னல்களை ஈரத் துணியால் அடைத்துவிட்டு நாள் முழுக்கத் தொலைக்காட்சி பார்த்தோம். ஒரே வீடு எரிவதைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். எந்தச் சாலை திறந்திருக்கிறது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

அடுத்த ஜூன் மாதம் இந்த ஆல்பம் வந்தது. ‘லாஸ் ஏஞ்சலஸ் இஸ் பர்னிங்’ பாடலை முதல் முறை காரில் கேட்டபோது வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். தீயைப் பற்றிய பாட்டு என்று நினைத்துத்தான் கேட்கத் தொடங்கினேன். தீயைக் காட்டி நம்மைத் திரையின் முன்னால் உட்காரவைப்பவர்களைப் பற்றிய பாட்டு அது. அந்த ஞாயிற்றுக்கிழமை அறையில் எனக்குத் தொண்டை வரை வந்து சொல்லாக மாறாமல் நின்ற எரிச்சல் என்னவென்று அப்போதுதான் புரிந்தது. அந்த மாநிலத்தில் அதற்குப் பிறகு எத்தனை முறை தீ பிடித்துவிட்டது! ஒவ்வொரு முறையும் இந்தப் பாட்டைப் போடுகிறேன். உங்கள் நண்பர் சொல்லும் தேதி இதில் எங்கே இருக்கிறது?

போருக்கு வருகிறேன். ஆல்பத்தின் பெயர் ‘தி எம்பயர் ஸ்டிரைக்ஸ் பேக்’ (பேரரசு திருப்பி அடிக்கிறது) என்ற புகழ்பெற்ற விண்வெளிப் படத்தின் பெயரைத் திருப்பிப் போட்டது என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஆனால் ‘முதலில் அடிப்பது’ அன்று அமெரிக்க அரசு வெளிப்படையாக அறிவித்திருந்த கொள்கை. எதிரி தாக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று 2002-இல் எழுதிவைத்தார்கள், 2003 மார்ச்சில் இராக்கில் நுழைந்தார்கள். காரணமாகச் சொன்ன பேரழிவு ஆயுதங்கள் அங்கே கிடைக்கவே இல்லை.

நீங்கள் கதவுக்கு வெளியே நின்றதாகச் சொன்ன பாடல்களில் ‘லெட் தெம் ஈட் வார்’ (அவர்கள் போரைத் தின்னட்டும்) நிச்சயம் இருக்கும் என்று நினைக்கிறேன். அதற்குள் நுழைய எனக்கு ஒரு வழி கிடைத்தது. எங்கள் ஆய்வகக் கட்டடத்தை இரவில் துப்புரவு செய்ய ஓர் அம்மா வருவார். அவருடைய மகன் கல்லூரிப் படிப்புக்குப் பணம் கிடைக்கும் என்று ராணுவத்தில் சேர்ந்தவன். அவனை இராக்குக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த அம்மா போரை எதிர்க்கவில்லை. தன் வண்டியில் கொடி கட்டியிருந்தார். அவரோடு வாதாட எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பாடல் கேட்பது இந்தக் கேள்வியைத்தான்: உழைத்தும் வயிறு நிறையாதவர்களிடம் ரொட்டிக்குப் பதிலாகப் போரை நீட்டினால் அதை அவர்கள் ஏன் வாங்கிக்கொள்கிறார்கள்? அந்தப் பாடலுக்குள் நுழையும் ராப் குரல் சேஜ் பிரான்சிஸுடையது. பங்க் கேட்பவர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு அந்த இடம்தான் பாடலின் எலும்பு. ஒருவன் இசை வேகத்தை மறந்து உங்கள் எதிரே உட்கார்ந்து பேசுவது போல இருக்கும்.

இவர்களுடைய கோபம் ஒரு ஜனாதிபதியோடு முடிந்துபோகிற கோபம் இல்லை. நம்பிக்கை எப்படிக் கீழ்ப்படிதலாக மாறுகிறது என்பதுதான் 1980-இல் லாஸ் ஏஞ்சலஸில் பள்ளிப் பையன்களாகத் தொடங்கிய நாளிலிருந்து இவர்களுடைய விஷயம். பாடகர் கிரெக் கிராபின் 2003-இல்தான் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பரிணாம உயிரியலாளர்கள் கடவுளைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று அவர்களிடமே கேட்டு எழுதிய ஆய்வு. அந்த மனிதர் அடுத்த ஆண்டு ‘ஏதீயிஸ்ட் பீஸ்’ (நாத்திக அமைதி) பாடுகிறார். ‘சினிஸ்டர் ரூஜ்’ திருச்சபையின் அதிகாரத்தைச் சாடுகிறது. ‘காட்ஸ் லவ்’ இத்தனை வலிக்கு நடுவே இறையன்பு எங்கே என்று கேட்கிறது. இவற்றைப் போர்ப் பாடல்களோடு ஒரே தட்டில் வைத்ததுதான் இந்த ஆல்பத்தின் துணிச்சல்.

வரிகள் அச்சிட்ட சிறு புத்தகத்தை மடியில் வைத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக் கேட்டேன். தமிழ்வழியில் படித்தவள் நான். என் ஆங்கிலத்தில் ஒரு பகுதி இவர்கள் போட்ட பிச்சை என்று தயங்காமல் சொல்வேன்.

நீங்கள் டிரம்ஸ் வாசிப்பவர் என்பதால் ஒன்று. ‘ஓவர்ச்சர்’ முடிந்து ‘சினிஸ்டர் ரூஜ்’ பாயும் இடத்தில் டிரம்ஸ் வாசித்த புரூக்ஸ் வேக்கர்மேனை மட்டும் கேளுங்கள். அந்த வேகத்திலும் ஒவ்வோர் அடியும் தனித்தனியாகக் காதில் விழும்.

மூன்றாவது தெரு எழுதியது:

மேலே எழுதியவரின் அன்பை மதிக்கிறேன், ஆனால் நான் ‘சஃபர்’ பக்கம்தான். 2004 ஆல்பத்தின் ஒலி எனக்கு மிகவும் வழவழப்பாக இருக்கிறது. கிதார்கள் அழகாக அடுக்கப்பட்டிருக்கின்றன, பின்னணிக் குரல்கள் தேவாலயப் பாடகர் குழு போல எழுகின்றன. கோபம் வர வேண்டிய இடத்தில் எனக்கு ரசிப்பு வந்துவிடுகிறது. ‘பூட் ஸ்டாம்பிங் ஆன் எ ஹியூமன் ஃபேஸ் ஃபாரெவர்’ (மனித முகத்தை என்றென்றும் மிதிக்கும் பூட்ஸ்) என்று ஆர்வெல்லின் ‘1984’ நாவலிலிருந்து அத்தனை கொடூரமான வாசகத்தை எடுத்துத் தலைப்பாக்கிவிட்டு, இவ்வளவு இனிமையாகவா பாடுவது?

இன்னொன்று. இந்த ஆல்பத்தில்தான் இவர்கள் அரசியலுக்கு வந்தார்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். அது தவறு. 1991-இல் வளைகுடாப் போரின்போது ‘மாக்ஸிமம் ராக்அண்ட்ரோல்’ என்ற பங்க் இதழ் வெளியிட்ட ஏழு அங்குல இசைத்தட்டில் ஒரு பக்கம் இவர்கள் பாடல்கள், மறுபக்கம் அமெரிக்க அரசை விமர்சிக்கும் மொழியியலாளர் நோம் சோம்ஸ்கியின் பேச்சு. அப்பா புஷ் காலத்திலேயே பேசியவர்கள் மகன் புஷ் காலத்தில் திரும்பப் பேசினார்கள்.

நீலப்பட்டாணி எழுதியது:

அந்த ஆண்டின் சூழலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். என்ஓஎஃப்எக்ஸ் என்ற பங்க் குழுவின் ஃபேட் மைக் முன்னின்று ‘ராக் அகெய்ன்ஸ்ட் புஷ்’ (புஷ்ஷுக்கு எதிராக ராக்) என்று இரண்டு பாடல் தொகுப்புகளை 2004-இல் கொண்டுவந்தார். இரண்டாவதில் ‘லெட் தெம் ஈட் வார்’ இருக்கிறது. இளைஞர்களை வாக்களிக்க வைப்பதுதான் நோக்கம். நவம்பரில் புஷ் மறுபடியும் வென்றார். அன்று இரவு நான் அழுதேன். அதன் பிறகு இந்த ஆல்பத்தை எடுக்க எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

சாம்பல்நிறக் காலை எழுதியது:

நீலப்பட்டாணி, உங்கள் அழுகை எனக்குப் புரிகிறது. ஆனால் வாக்கு எண்ணிக்கையை வைத்துப் பாட்டை அளக்க என்னால் முடியவில்லை.

மூன்றாவது தெரு, நீங்கள் சொன்ன பின்னணிக் குரல்களின் அந்த மூன்று குரல் அடுக்குக்கு ‘ஊசின் ஆஸ்’ என்று அவர்களே பெயர் வைத்திருக்கிறார்கள். அது ‘சஃபர்’ ஆல்பத்திலும் இருக்கிறதே! கோபமாக இருப்பவன் கத்தத்தான் வேண்டுமா? ஆர்வெல் அந்த வாசகத்தைச் சொல்ல வைப்பது சித்திரவதை செய்பவனை. அவனும் கத்துவதில்லை, ஓர் ஆசிரியரைப் போல நிதானமாகத்தான் சொல்கிறான். அந்த இனிமை எனக்கு நடுக்கம் தருவது அதனால்தான்.

ஒற்றைக்கட்டை எழுதியது:

அக்கா, நேற்று இரவு விளக்கை அணைத்துவிட்டு ஹெட்போனில் முழு ஆல்பத்தையும் கேட்டேன். ‘லெட் தெம் ஈட் வார்’ இந்த முறை கதவைத் திறந்துவிட்டது. அந்தத் துப்புரவு அம்மா கண் முன்னே இருந்ததால் இருக்கலாம். அவருடைய மகன் திரும்பி வந்தானா?

இன்னொரு சந்தேகம். ‘லாஸ் ஏஞ்சலஸ் இஸ் பர்னிங்’ பாடலில் வரும் கிதார் சோலோ (தனி வாசிப்பு) மற்றப் பாடல்களின் கையெழுத்தில் இல்லை. அது யார், குழுவின் கிதார்க்காரர் பிரையன் பேக்கரா?

சாம்பல்நிறக் காலை எழுதியது:

நல்ல காது தம்பி உங்களுக்கு. அது மைக் கேம்பல், ராக் பாடகர் டாம் பெட்டியின் ஹார்ட்பிரேக்கர்ஸ் குழுவில் கிதார்க்காரராக இருந்தவர். அந்த ஒரு சோலோவுக்கு விருந்தாளியாக வந்து வாசித்தார்.

மகன் 2005-இல் திரும்பி வந்தான். அந்த அம்மா ஒரு நாள் இரவு அவனை ஆய்வகத்துக்கு அழைத்து வந்து எங்கள் எல்லோருக்கும் அறிமுகம் செய்தார். உயரமான பையன். கை குலுக்கினான். நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அவன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.