சேர்வர் விழுந்த நேரம் பக்கத்தில் நின்றவர்கள் சொல்லுங்கள்

மாங்குளத்தான்:
கிளிநொச்சியில் ஒரு கந்தோர். விண்டோஸ் சேர்வர் 2016, இரண்டு சேர்வர் கிளஸ்டர், அதாவது ஒன்று விழுந்தால் மற்றது வேலையை ஏற்கும் சோடி. மாரி இடியில் ஒன்றின் பவர் சப்ளை எரிந்தது. அந்த நேரம் பார்த்து இரண்டு பேர் காணிப் பத்திர ஸ்கான்களைப் பிரதி பண்ணிக்கொண்டிருந்தார்கள். ஒரு திரையில் பிரதி வேகம் காட்டும் பச்சைக் கோடு தரைதட்டிப் பூச்சியத்தில் கிடந்தது. கொஞ்சம் பொறுத்துத் தானாக எழும்பி, விட்ட இடத்திலிருந்து ஓடியது. பக்கத்து மேசையில் விண்டோஸ் 7. அங்கே பிழைச் செய்தி, பிரதி பாதியில் நின்றுபோனது. "எனக்கு மட்டும் ஏன் தம்பி இப்படி?" என்று அந்த அக்கா கேட்டார். வாயடைத்துப்போனேன்.

ஓமந்தையான்:
வாயடைக்க என்ன இருக்கிறது? விட்ட இடத்திலிருந்து தொடரும் அந்த வசதி எஸ்எம்பி 3இல்தான், விண்டோஸ் 8 முதல். எஸ்எம்பி என்றால் விண்டோஸ் கோப்புப் பகிரப் பேசும் மொழி. விண்டோஸ் 7 பேசுவது 2.1. புதியதில், யார் எந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறார் என்பது பொது டிஸ்க்கில் பதிவாகும். மற்ற சேர்வர் அதைப் பார்த்துத் தொடரும். எங்கள் இடத்தில் சேர்வர் மாறியதே ஒருவருக்கும் தெரியாது. பிறகு லொக் பார்த்துத்தான் நானே அறிந்தேன்.

புதுக்குடியிருப்பு வாசி:
மாறுவது பெரிய விசயமில்லை அண்ணை. எங்களுடையது லினக்ஸ், டிஆர்பிடி, அதாவது ஒரு சேர்வரின் டிஸ்க்கை வயர் வழியாக மற்றதில் அப்படியே பிரதி வைக்கும் மென்பொருள். இரண்டுக்கும் நடுவில் ஓடிய வயரை அணில் கடித்துவிட்டது. மற்றது செத்துப்போனது என்று நினைத்து இரண்டுமே தலைமை எடுத்தன. பின்னேரம் பார்த்தால் ஒரே பெயரில் இரண்டு சம்பளக் கோப்பு! ஒன்றில் காலையில் பதிந்த ஓவர்டைம் இருக்கிறது, மற்றதில் மத்தியானம் திருத்திய லீவுக் கணக்கு. எதை அழிப்பது?

பரந்தன் சந்தி:
டிஆர்பிடியைக் குறை சொல்லாதீர்கள் தம்பி. ஃபென்சிங் இல்லாவிட்டால் எதுவும் கூத்தாடும். ஃபென்சிங் என்றால், சந்தேகம் வந்தால் ஒன்று மற்றதன் மின்சாரத்தை நிறுத்தவேண்டும், அப்புறம்தான் கோப்பைத் தொடவேண்டும். யார் தலைமை என்று தீர்மானிக்க மூன்றாவது வாக்கும் வேண்டும். இரண்டு சேர்வருக்கு ஆளுக்கொரு வாக்கென்றால் பெரும்பான்மை எங்கிருந்து வரும்? விண்டோஸ் 2019இல் பகிர்வு வசதியுள்ள ரவுட்டரில் குத்திய பென்ட்ரைவே அந்த மூன்றாவது வாக்குக்குச் சாட்சியாக நிற்கும். இரண்டையும் ஒரே யூபிஎஸ்ஸில் போடாதீர்கள், ஒரே ஸ்விட்சிலும் வேண்டாம். பேக்கப் தனியாக எடுங்கள். ஒருவர் தவறிக் கோப்பை அழித்தால் கிளஸ்டர் அந்த அழிப்பையும் பத்திரமாகக் காப்பாற்றும். என் அனுபவமா? ஸ்விட்ச் எரிந்தது. இரண்டு சேர்வரும் உயிரோடு இருந்தும் ஒருவருக்கும் கோப்பு கிடைக்கவில்லை. அவ்வளவுதான்.

புதுக்குடியிருப்பு வாசி:
ஃபென்சிங் போட்டுத்தான் கொடுத்தேன் அண்ணை. ஒருநாள் இரவு சேர்வர் தானாக அணைந்து எழும்பியதைப் பார்த்துப் பயந்து யாரோ ஃபென்சிங்கை நிறுத்திவிட்டார்கள். யார் என்று கேட்டால் இன்றைக்கும் ஒருவரும் வாய் திறப்பதில்லை.