அணியத்தில் அடங்காத பலகை: மரக் கப்பல் கிட் கட்டியவர்களின் அனுபவங்கள்

ரொறன்ரோவிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம். போன மாரியில் தொடங்கிய புளூநோஸ் மாதிரிக் கப்பலுக்குப் பலகை ஒட்டி முடித்தது முந்தாநாள்தான். எனக்கு இது முதல் மரக் கிட், அதாவது துண்டுகளாகப் பெட்டியில் வருவதை நாமே ஒட்டிக் கட்டுவது. இடையில் இரண்டு தரம் பெட்டியை மூடி வைத்துவிடுவோமா என்றுகூட யோசித்தேன். தொடங்கப் போகிறவர்களுக்கு உதவும் என்று எனக்கு நடந்ததை எழுதுகிறேன். நீங்களும் உங்களுடையதைச் சொல்லுங்கள்.

ஏன் புளூநோஸ்? கனடாவில் இருக்கிற எல்லோருடைய சட்டைப்பையிலும் இந்தக் கப்பல் கிடக்கிறது. 1937 முதல் பத்துச் சதக் காசில் பாய் விரித்து ஓடுவது இதுதான். இங்கே வந்த புதிதில் கடையில் மிச்சக் காசை உள்ளங்கையில் வைத்து எண்ணும்போது இது எந்தக் கப்பல் என்று கேட்டேன், யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பல வருடம் கழித்து நோவா ஸ்கோசியாவுக்குப் போய், அது பிறந்த லூனன்பேர்க் துறைமுகத்தில் நின்றபோதுதான் முழுக் கதையும் கிடைத்தது. 1921 மார்ச் 26இல் கடலில் இறக்கியிருக்கிறார்கள். வரைந்தவர் வில்லியம் ரூவே. ஹலிஃபாக்ஸில் குடும்பத்தின் சோடா வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டே கப்பல் வரையக் கற்றுக்கொண்ட மனிதர். ஓட்டியவர் கப்டன் அங்கஸ் வால்டர்ஸ். பந்தயக் கப்பல் என்று பெயர் எடுத்தாலும் அது மீன்பிடிக் கப்பல். மீன்பிடிக் கப்பல்களுக்கான அந்தப் பந்தயத்தில் சேர வேண்டுமென்றால் ஒரு பருவமாவது கிராண்ட் பாங்ஸ் என்ற மீன்பிடிக் கடற்பகுதிக்குப் போய் உண்மையாகவே மீன் பிடித்திருக்க வேண்டும் என்பது விதி. எனக்கு அதில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

சரி, கிட்டுக்கு வருகிறேன். அளவு 1:64. ஐந்தடி நாலங்குல ஆள் ஒருவரை அந்தத் தளத்தில் நிறுத்தினால் சரியாக ஓர் அங்குலம் இருப்பார். 143 அடிக் கப்பலின் உடல் 68 சென்ரிமீற்றராகிவிடுகிறது. பெட்டிக்குள் லேசரில் வெட்டிய ஏராத் தகடு (கப்பலின் அடியில் நீளவாட்டில் ஓடும் முதுகெலும்பு), குறுக்குச் சட்டங்கள், ஒரு கட்டு மெல்லிய மரக் கீற்றுகள், நூல் உருண்டைகள், மேசையை மூடும் அளவுக்கு வரைபடங்கள். சட்டங்களை ஏராவில் பொருத்துவது ஒரு கிழமை வேலை. அதில் சொல்ல ஒன்றுமில்லை. பலகையில்தான் சிக்கல் தொடங்கியது.

நான் செய்த பிழை இரண்டு. முதலாவது, கீற்றுகளைப் பெட்டியில் வந்த அகலத்திலேயே மேலிருந்து வரிசையாக ஒட்டிக்கொண்டு போனேன். கப்பலின் நடுவில் சட்டத்தின் விளிம்பு நீளம், அணியத்தில், அதாவது முன்நுனியில், குறைவு. நடுவில் பொருந்துகிற அதே எண்ணிக்கைப் பலகை முன்னால் எப்படி அடங்கும்? ஆறாவது பலகை வந்தபோது முன்பக்கத்தில் எல்லாம் நெருங்கி, விளிம்பு ஒன்றின்மேல் ஒன்று ஏறத் தொடங்கியது. ஊசி குத்தி அமுக்கினேன். அன்று இரவு படுத்த பிறகு நிலக்கீழ் அறையிலிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம். காலையில் போய்ப் பார்த்தால் பலகை நீளவாட்டில் பிளந்து கிடக்கிறது.

இரண்டாவது பிழை அதைவிடப் பெரிது. கைக்கு வசதியாக இருக்கிறதென்று இடப்பக்கத்தில் மட்டும் ஐந்து பலகை தொடர்ந்து ஒட்டிவிட்டேன். பிளந்ததைப் பார்க்கக் கப்பலைக் கையில் எடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கத்திலிருந்து ஏராவைப் பார்த்தேன். நேராக இல்லை. வில் மாதிரி ஒரு பக்கம் இழுபட்டிருந்தது.

மகள் வந்து பார்த்துவிட்டு, "அப்பா, நிறம் பூசினால் தெரியாதுதானே?" என்றாள். தெரியாமல் போகலாம். ஆனால் வளைந்த ஏராவில் பாய்மரம் நேராக நிற்காது. அதுவரை இரண்டு பக்கமும் ஒட்டியிருந்த ஒன்பது பலகையையும் கழற்றினேன். வெள்ளைப் பசை என்பதால் ஐசோபுரொப்பைல் அல்ககோலைத் தூரிகையால் பூசிப் பூசி, பத்து நிமிடம் ஊறவிட்டு, மெல்லிய கத்தியால் நெம்பினால் வந்துவிடுகிறது. இரண்டு இரவு போனது.

பிறகு செய்த முறை இது. ஒவ்வொரு சட்டத்தின் விளிம்பிலும் ஒரு கடதாசிக் கீற்றை வைத்து நீளத்தைக் குறித்து, அதைப் பலகை எண்ணிக்கையால் வகுத்தேன். அந்தந்த இடத்தில் பலகை எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்பது அதிலேயே கிடைத்துவிடும். அணியத்தில் மூன்றில் இரண்டு பங்காகச் சீவ வேண்டி வந்தது. பாதிக்குக் கீழே சீவ வேண்டாம், நுனி நிற்காது. பசை பூசுவதற்கு முன்னாலேயே பலகையைச் சுடுநீரில் ஊறவைத்து, வளைத்து, கிளிப் போட்டுக் காயவிட்டேன். காய்ந்தபின் கையை எடுத்தாலும் தன் இடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தது. அந்த அமைதியைப் பார்த்தபோது வந்த நிம்மதியை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

சென்னையிலிருந்து:

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் பீகிள் கப்பலைப் போய் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். டார்வின் போன அதே பீகிள்தான், 1:60 அளவு. எனக்கு வில்லன் இங்கத்திய காற்றுதான். ஐப்பசி மழையில் ஒட்டிய தளப் பலகைகள் சித்திரை வெயிலில் சுருங்கி, நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி விட்டுவிட்டன. இப்போது கீற்றுகளைப் பெட்டியிலிருந்து எடுத்து ஒரு வாரம் அறைக் காற்றில் போட்டுவைத்த பிறகுதான் தொடுகிறேன்.

கிட்டில் ஒரு சட்டமும் குறைந்திருந்தது. வாங்கிய கடைக்கு நாலு மெயில் போட்டும் பதில் இல்லை. கடைசியில் வரைபடத்தை நகலெடுத்து ஒட்டுப்பலகையில் ஒட்டி, இழைவாளால் நானே அறுத்தேன். உண்மையைச் சொன்னால் அந்தச் சட்டம்தான் கப்பலிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த துண்டு.

சூப்பர் குளூ பற்றி ஒரு வார்த்தை. அவசரத்துக்கு நல்லது, ஆனால் மரத்தில் கசிந்த இடத்தில் பிறகு வார்னிஷ் ஏறாது. என் பீகிளின் வலது பக்கத்தில் கைரேகையோடு ஒரு வெளுத்த திட்டு இருக்கிறது. வெளியே தெரிகிற மரத்துக்கு வெள்ளைப் பசை மட்டும் போடுங்கள்.

இன்னொன்று. 1820இல் வுல்விச்சில் கட்டியபோது பீகிளுக்கு இரண்டு பாய்மரம்தான். கடல் அளக்கும் வேலைக்கு மாற்றும்போது பின்னால் மூன்றாவதைச் சேர்த்தார்கள். அந்த மரம் பின்னறையின் உள்ளேயே இறங்குகிறது. வரைபட மேசை இருந்த அறை அது. டார்வின் தூங்கியதும் அங்கேதான், மேசைக்கு மேலே ஊஞ்சல் படுக்கை கட்டி. மாடலில் அந்த மரத்துக்குத் துளை போடும்போது, இது அவருடைய அறைக் கூரை என்று நினைத்துக்கொண்டேதான் போட்டேன். எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் அந்த 90 அடிக் கப்பலில் 1831 டிசம்பரிலிருந்து 1836 அக்டோபர் வரை. கட்டக் கட்டத்தான் அந்த நெருக்கடி புரிகிறது.

தூத்துக்குடியிலிருந்து:

தம்பி, நான் கிட் எதுவும் கட்டியதில்லை. பேரன் ஒன்று கட்டுகிறான், அவன்தான் இதைக் காட்டினான். என் தகப்பனார் தோணியில் போனவர், கொழும்புக்கும் மாலத்தீவுக்கும். தோணி கட்டுகிற இடத்தில்தான் சிறுவயதில் விளையாடினேன்.

நீங்கள் ஏரா என்று எழுதியதைப் பார்த்து சந்தோஷம். குறுக்குச் சட்டத்துக்கு இங்கே வங்கு என்று பெயர். ஒரு பக்கம் மட்டும் பலகை அடித்தேன் என்று எழுதினீர்கள் பாருங்கள், அதைப் படித்ததும் மேஸ்திரி கத்துவது காதில் கேட்டது. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, அவ்வளவுதான். பெரிய தோணிக்கும் அதே கதைதான். பலகையை நெருப்பில் வாட்டி, ஈரச் சாக்கால் ஒத்தி ஒத்தி வளைப்பார்கள். புகையும் ஈரமரமும் சேர்ந்த ஒரு வாசம் வரும்.

பேரனிடம் கலப்பத்து எங்கே என்று கேட்டேன். பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்து அடைப்பதைத்தான் சொல்கிறேன். அவன் தளப் பலகை ஒவ்வொன்றின் விளிம்பிலும் பென்சிலைத் தேய்த்து ஒட்டினான். ஒட்டி முடித்து உப்புத்தாள் போட்டதும் இடுக்குகளில் மெல்லிய கறுப்புக் கோடு வந்து நின்றது. அசல் தளத்தைப் பார்த்த மாதிரியே இருந்தது. பையனைக் கட்டிக்கொண்டேன்.

மிடில்ஸ்பரோவிலிருந்து:

நான் கட்டுவது அமெரிக்கக் கப்பல் கான்ஸ்டிடியூஷன். மூன்றாவது வருடம் ஓடுகிறது. இப்போது கயிறு வேலை.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். அடிப்பக்கத்துக்குச் செப்புத் தகடு. கிட்டில் வந்த ஒட்டும் செப்பு நாடாவைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றாக ஒட்டி நகத்தால் தேய்க்க வேண்டும். நான் அணியத்திலிருந்து தொடங்கிவிட்டேன். பின்பக்கத்திலிருந்து தொடங்கி முன்னோக்கி வந்திருக்க வேண்டும். அப்போதுதான் முன் தகட்டின் விளிம்பு பின் தகட்டின்மேல் படியும், ஓடும் தண்ணீர் விளிம்பைக் கிளப்பாது. மாடல் தண்ணீரில் ஓடப் போவதில்லைதான். ஆனாலும் தெரிந்த பிறகு அப்படியே விட மனம் வரவில்லை. நானூறு துண்டுக்கு மேல் உரித்தேன்.

கயிறு வேலையில் சந்தேகம் வந்தால் ஹாட்லிபூல் போய்விடுவேன், அரை மணி நேரப் பயணம். அங்கேதான் 'திருகோணமலை' நிற்கிறது. எங்கள் ஊர்ப் பெயர் கொண்ட போர்க்கப்பல். 1782இல் திருகோணமலைக்கு அருகே நடந்த கடற்போரின் நினைவாக வைத்த பெயர். பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கு மரத்தால் கட்டி, 1817 ஒக்டோபர் 12இல் இறக்கினார்கள். இன்றும் மிதக்கும் பிரித்தானியப் போர்க்கப்பல்களில் அதுதான் ஆகப் பழையது. நான் பிறந்த ஊரின் பெயரைக் குளிர்காற்றில் நின்று அந்தக் கப்பலில் வாசித்தபோது சிறிது நேரம் பேச முடியவில்லை.

ஒரு தொடர்பும் இருக்கிறது. அந்தக் கப்பலுக்கான வரைபடங்களை முதலில் ஜாவா என்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் பம்பாய்க்கு அனுப்பினார்கள். 1812 டிசம்பரில் பிரேசில் கரைக்கு அப்பால் ஜாவாவைத் தோற்கடித்து அழித்தது வேறு எதுவுமில்லை, என் மேசையில் இருக்கிற இந்தக் கான்ஸ்டிடியூஷன்தான். மறுபடி வரைபடம் அனுப்ப வேண்டி வந்தது.

ஏணிக்கயிறு கட்டுபவர்களுக்கு ஒன்று. பாய்மரத்தைத் தாங்கும் கயிறுகளுக்குப் பின்னால் கோடு போட்ட அட்டை ஒன்றை வையுங்கள், படிகள் சம தூரத்தில் வரும். முடிச்சை இறுக்கி இழுக்க வேண்டாம். ஒவ்வொரு படியும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்து, கடைசியில் கயிறுகள் உடுக்கை மாதிரி இடுப்பு ஒடுங்கிப் போய்விடும். எனக்கு இடப்பக்கம் அப்படித்தான் ஆனது, அவிழ்த்துக் கட்டினேன். நூலைத் தேன்மெழுகில் இழுத்துவிட்டுக் கட்டினால் பிசிர் அடங்கும்.

மீண்டும் ரொறன்ரோவிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. தூத்துக்குடி ஐயா, இனிமேல் நானும் வங்கு என்றே சொல்கிறேன். சென்னைத் தம்பி, கீற்றைக் காற்றில் போட்டு வைக்கும் யோசனை எங்களுக்கும் தேவை. இங்கே மாரியில் வீட்டுச் சூடாக்கி மரத்தை உலர்த்திவிடும்.

திருகோணமலைக் கதையை வாசித்த பிறகு, கனநாளாக மனதில் கிடக்கிற ஒன்றை எழுத வேண்டும் போல இருக்கிறது. வல்வெட்டித்துறையில் 1930இல் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் பற்றி எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரிந்திருக்கும். அமெரிக்க மாலுமி வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் அதை வாங்கி, புளோரன்ஸ் சி. ரொபின்சன் என்று பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறை ஆட்களே ஓட்டிக்கொண்டு போய், 1938 ஓகஸ்ட்டில் மசாசுசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள்.

புளூநோஸின் கடைசிப் போட்டி எப்போது என்று பாருங்கள். 1938 ஒக்டோபர். எதிரே நின்றது குளோஸ்டர் கப்பலான கேர்ட்ரூட் எல். திபோட். பொஸ்டனுக்கும் குளோஸ்டருக்கும் அப்பால் ஐந்து ஓட்டம், புளூநோஸ் மூன்றில் வென்றது. எங்கள் மேத்திரிமார் கட்டிய கப்பல் போய்ச் சேர்ந்த அதே துறைமுகத்துக்கு, இரண்டே மாதத்தில், என் மேசையில் இருக்கிற கப்பலும் வந்திருக்கிறது. லூனன்பேர்க்கிலும் வல்வெட்டித்துறையிலும் கப்பல் கட்டியவர்கள் பள்ளிக்கூடத்தில் படித்துக் கட்டியவர்கள் இல்லை. தகப்பனுக்குப் பக்கத்தில் நின்று, மரத்தைக் கையால் தடவிப் பார்த்துப் பழகியவர்கள். ஒன்பது பலகையைக் கழற்றிய பிறகு அவர்கள்மேல் எனக்கு வந்த மரியாதை வேறு.

அன்னபூரணிக்குக் கிட் எதுவும் நான் பார்க்கவில்லை. வரைபடம், பழைய படம், அளவு ஏதாவது யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து பகிருங்கள். அடுத்ததாக அதைத்தான் கட்ட வேண்டும் என்று நினைத்திருக்கிறேன், ஏராவிலிருந்து.

இப்போதைக்கு டோரிகள் நடக்கின்றன. தளத்தில் அடுக்கி வைத்துக் கொண்டுபோன தட்டையடிச் சிறு படகுகள். மீனவர்கள் அதில் இறங்கித்தான் தூண்டில் போட்டார்கள். இருக்கைப் பலகையைக் கழற்றினால் ஒன்றுக்குள் ஒன்று கிண்ணம் மாதிரி அடங்கும். மொத்தம் எட்டு, ஐந்து முடிந்துவிட்டது. ஆறாவதன் பக்கப் பலகை கிளிப்பில் காய்கிறது.