கலைச்சொல்: 'திரள் தடுப்பி' போதுமா?

ஐயா, வணக்கம்.

மரபுவழி நரம்புச்சிதைவு நோய்களில் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் மருந்துகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறேன். 'புரதக்கட்டித் தடுப்பு மருந்து' என்று போட்டுவைத்திருக்கிறேன். மனம் ஒப்பவில்லை. வேறு சொல் உண்டா?

*

வணக்கம் அம்மா.

'கட்டி'யை முதலில் எடுத்துவிடுங்கள். மருத்துவக் கட்டுரையில் அதைப் பார்த்ததும் வாசிப்பவர் நினைப்பு புற்றுநோய்க்குப் போய்விடும். 'உறைதல்' இரத்தத்துக்குப் பழகிவிட்டது. 'படிவு' கடைசியில் உறுப்பில் தங்கும் பொருளைக் குறிக்குமே தவிர, நடப்பதைச் சொல்லாது. 'திரள்'தான் எனக்குப் பிடித்தது. வினையாகவும் வரும், பெயராகவும் வரும். 'திரள் தடுப்பி' என்று இடைவெளி விட்டே எழுதுங்கள். அருள்+திரு 'அருட்டிரு' ஆகும் கணக்கில் சேர்த்தால் 'திரட்டடுப்பி' ஆகும். திரட்டுகிற அடுப்போ என்று நினைப்பார்கள்!

ஆனால் எந்த மருந்தைப் பற்றி எழுதுகிறீர்கள்? டஃபாமிடிஸ் என்றால் இந்தச் சொல் பாதிதான் பொருந்தும். டிரான்ஸ்தைரெட்டின் என்ற புரதம் தைராக்சின் என்ற ஹார்மோனையும் வைட்டமின் ஏ-யையும் இரத்தத்தில் சுமந்து போவது. ஒரே மாதிரியான நான்கு கூறுகள் சேர்ந்த கட்டு அது. மரபணுப் பிழையால் அந்தக் கட்டு தளர்ந்து, கூறுகள் தனித்தனியே பிரிகின்றன. பிரிந்தது மடிப்புக் குலைகிறது. குலைந்தவை ஒட்டி, இழையாகி, நரம்பிலும் இதயத்திலும் படிகின்றன. டஃபாமிடிஸ் திரளின் பக்கமே போவதில்லை. கட்டின் நடுவே தைராக்சின் உட்காரும் இரண்டு குழிகளில் போய் உட்கார்ந்து, நான்கையும் பிரியவிடாமல் பிடித்துக்கொள்கிறது. ஏற்கெனவே படிந்ததைக் கரைப்பது அதன் வேலை அல்ல. ஐரோப்பாவில் 2011-இல் நரம்பு நோய்க்கும், அமெரிக்காவில் 2019-இல் இதய நோய்க்கும் ஒப்புதல் பெற்றது.

ஆகவே அதற்குத் தனிச்சொல் வேண்டும். 'கட்டவிழ் தடுப்பி' என்பது என் பரிந்துரை.

*

ஐயா, டஃபாமிடிஸ்தான். சொல் நன்றாக இருக்கிறது, ஆனால் நீளம். 'கட்டவிழாக்கி' என்று சுருக்கலாமா? அப்புறம், உறுப்பில் படியும் அந்தப் புரத இழையை அமிலாய்டு என்று எழுதினால் அமிலமா என்று கேட்கிறார்கள். ஹண்டிங்டன் என்ற மரபுவழி மூளைச்சிதைவு நோய்க்கும் இதே சொல் வருமா?

*

கட்டவிழாக்கி வேண்டாம் அம்மா. அவிழாமல் ஆக்குவதா, அவிழ்த்து ஆக்குவதா? இரண்டு விதமாகவும் பிரியும். மருந்துப் பெயரில் அந்த விளையாட்டு ஆகாது. நீளம் இருந்துவிட்டுப் போகட்டும்.

அமிலாய்டு சிக்கல் எனக்கும் உண்டு. அயோடின் பட்டதும் மாவுச்சத்தைப் போல நிறம் மாறியதால் 1854-இல் ஃபிர்க்கோ என்ற ஜெர்மன் மருத்துவர் 'மாவுச்சத்து போன்றது' என்ற பொருளில் வைத்த பெயர் அது. படிந்திருப்பது என்னவோ புரதம்தான். பெயரே பிழை, அதைத் தமிழாக்கிப் பிழையைப் பெருக்க வேண்டாம். 'அமைலாய்டு' என்று எழுதுங்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் நொதியைப் பாடநூல்களில் அமைலேஸ் என்றுதானே எழுதுகிறோம், அதே வேர். அமிலக் குழப்பமும் போகும்.

ஹண்டிங்டனுக்குக் கட்டவிழ் தடுப்பி பொருந்தாது. அங்கே அவிழ்வதற்கு நால்கூறுக் கட்டு இல்லை. மரபணுவில் சி-ஏ-ஜி என்ற மூவெழுத்து 40 தடவையோ அதற்கு மேலோ அடுக்கி வந்து, புரதத்தில் குளுட்டமின் என்ற அமினோ அமிலத்தின் வரிசை நீண்டுபோவதுதான் கோளாறு. அங்கே 'திரள் தடுப்பி' சரி. ஆனால் அப்படி ஒப்புதல் பெற்ற மருந்து அந்த நோய்க்கு இன்னும் வரவில்லை. 'ஆய்வில் உள்ள' என்ற அடைமொழியை விட்டுவிடாதீர்கள்.