ஜிப்சி ஸ்பிரிங்-ஓவர்: வெல்டிங் முடிந்த பிறகுதான் வேலை ஆரம்பம்

ஆக்சிலுக்கு (சக்கர அச்சு) அடியில் இருக்கும் பட்டைக் கட்டை, அதாவது லீஃப் ஸ்பிரிங் அடுக்கை, ஆக்சிலுக்கு மேலே ஏற்றினால் மாருதி ஜிப்சிக்கு ஏறக்குறைய 5 அங்குலம் உயரம் கிடைக்கும். புதுப் பட்டை தேவையில்லை, நாலு பேடும் (பட்டை உட்கார ஆக்சிலில் வெல்டு வைக்கும் இருக்கை) எட்டு யூ போல்ட்டும் போதும். அதனால்தான் வீட்டு ஷெட்டில் எல்லாரும் இதில் கை வைக்கிறார்கள்.

முதல் சிக்கல், பட்டைகளைக் கோர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட். அதன் தலை ஆக்சில் பக்கம் இருக்க வேண்டும். கம்பெனி அமைப்பில் மேலே பார்க்கும், இப்போது கீழே பார்க்க வேண்டும். பட்டைக் கட்டை சி-கிளாம்பில் இறுக்கிவிட்டுத்தான் நட்டைக் கழற்றணும். இல்லாவிட்டால் பட்டைகள் விரிந்து கையைப் பதம் பார்க்கும்.

பேடை உடனே முழுசா வெல்டு வைக்காதீங்க. யூ போல்ட்டில் பிடிக்கவிட்டு, வண்டியின் முழு எடையும் டயரில் நிற்கும்போது காந்த ஆங்கிள் கேஜ் வைத்துப் பாருங்கள். பின்னால் புரொபெல்லர் ஷாஃப்டின் இரு முனையும் சேரும் முகங்கள், அதாவது ஆக்சில் பக்கப் பினியன் ஃபிளாஞ்சும் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்சிலுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) ஃபிளாஞ்சும் இணையாக இருக்கணும்; விலகினால் ஓட்டத்தில் அதிரும், ஷாஃப்ட் மூட்டிலுள்ள கிராஸ் சீக்கிரம் போகும். முன்னால் ஷாஃப்ட் கோணத்துக்காகப் பினியனைத் தூக்கினால் காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறையும், ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாது. இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டுமென்றால் காஸ்டரை விடாதீங்க, 3.5 டிகிரியை ஒட்டியே வையுங்கள். ஃபோர் வீல் போடாதபோது முன் சக்கர ஹப்பை ஃப்ரீயில் விட்டால் முன் ஷாஃப்ட் சுற்றாது, அதன் கோணம் தொந்தரவு தராது.

கோணம் சரியானதும் டேக் (சின்னப் புள்ளி வெல்டு) வைத்து, ஆக்சில் ஷாஃப்டையும் சீலையும் வெளியே எடுத்துவிட்டு, இடம் வலம் மாற்றி ஒரு அங்குலம் ஒரு அங்குலமாக வெல்டு வையுங்கள். ஒரே மூச்சில் இழுத்தால் டியூப் வளைந்துவிடும், அப்புறம் சீல் ஒழுகும். பேட்டரி நெகட்டிவும் ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) சாக்கெட்டும் முன்னமே கழன்றிருக்கணும்.

*

மேலே சொன்னதோடு ஸ்டியரிங்கையும் சேர்க்கணும். ஸ்டியரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க் அதிகமாகச் சாய்வதால் ஒவ்வொரு குழியிலும் ஸ்டியரிங் தானே வெட்டும். இசட் மாதிரி வளைத்த லிங்க் மலிவு, ஆனா பாரம் வந்தால் வளையும். இரு முன் சக்கரத்தையும் இணைக்கும் டை ராடைப் பட்டைக்கு மேலே கொண்டுபோவதுதான் சரி.

பிரேக் ஹோஸ் நீளத்தை ஆக்சில் முழுசா தொங்கும்போது அளந்து 2 அங்குலம் கூட வையுங்கள். அதே நிலையில் புரொபெல்லர் ஷாஃப்ட் ஸ்லிப் (நீண்டு சுருங்கும் மூட்டு) எவ்வளவு உள்ளே இருக்குன்னும் பாருங்கள், குறைவாக இருந்தால் ஸ்பேசர். பின் பிரேக்கில் லோடு வால்வு (பாரத்துக்கேற்ப பிரேக் அழுத்தத்தை மாற்றுவது) உள்ள வண்டியில் அதன் கம்பியையும் மாற்றிப் பொருத்தணும். உயரத்தைப் பார்த்து 'வண்டி காலி' என்று எடுத்துக்கொண்டு அது பின் பிரேக்கைக் குறைத்துவிடும்.

லோ ரேஞ்சில் (மெதுவாக, பலமாக இழுக்கும் கியர்) முறுக்கும்போது பட்டை சுருண்டு பினியன் மேலே எகிறினால் ஆக்சிலைச் சுழலாமல் பிடிக்கும் டிராக்ஷன் பார் போடுங்கள். அதன் ஒரு முனையில் ஷேக்கிள் (ஆடும் இணைப்பு) வேணும், இல்லேன்னா ஆக்சில் மடங்காது.

*

31 அங்குல டயர் போட்டால் கம்பெனி டயரான 205/70 ஆர்15-ஐவிட விட்டம் ஏறக்குறைய 18% கூடும். லோ ரேஞ்ச் கியர் விகிதம் 2.268 என்பது 1.92 மாதிரிதான் இழுக்கும். நிஜ வேகம் 100 என்றால் மீட்டர் 85 காட்டும். டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர் செட்டை மாற்றாமல் 31 போடுவது கிளட்சுக்குத்தான் கேடு.

டிஃப் (ஆக்சில் நடுவிலுள்ள கியர் பெட்டி) காற்று வாங்கும் பிரீதர் குழாயை பானெட் உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள். சூடான ஹவுசிங் தண்ணீரில் இறங்கினால் உள்ளே உறிஞ்சும். ஆயில் பால் டீ நிறத்தில் வந்தால் உடனே மாற்றணும்.

மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவும் 2019 உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் கம்பெனி அமைப்பை மாற்றுவதைத் தடுப்பதால் இந்த வண்டி ரோட்டுக்கு இல்லை. டிராக்குக்கு டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போங்கள், முதல் ஓட்டம் முடிந்ததும் யூ போல்ட் எட்டையும் திரும்ப இறுக்குங்கள்.