பி-3 விசா: கூடுதல் ஆதாரம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது, என்ன அனுப்புவது?

கேட்பவர்: உறுமிச்சத்தம்

மாமா தஞ்சாவூர்ப் பக்கம் கரகாட்டக் குழு வைத்திருக்கிறார். ஆட்டக்காரர்கள், நாயனம், தவில், பம்பை, உறுமி எல்லாம் சேர்த்து எட்டுப் பேர். சாமான் பார்த்துக்கொள்ளும் அண்ணன் ஒன்பதாவது ஆள். நியூ ஜெர்சியில் ஒரு தமிழ்ச் சங்கம் பொங்கல் விழாவுக்குக் கூப்பிட்டு, ஒன்பது பேருக்கும் பி-3 விசா (பண்பாட்டுத் தனித்தன்மை உள்ள நிகழ்ச்சி நடத்த வரும் கலைஞர்களுக்கான அமெரிக்க விசா) கேட்டு, குடிவரவுத் துறையிடம் ஒரே ஐ-129 மனு போட்டது. இப்போது அங்கிருந்து ஆர்எஃப்இ, அதாவது கூடுதல் ஆதாரம் கேட்கும் கடிதம், வந்துவிட்டது. இந்தக் கலை பண்பாட்டுத் தனித்தன்மை உள்ளது என்பதற்கு ஆதாரம் போதவில்லையாம். எல்லா நிகழ்ச்சியும் அந்த வகைதானா என்று காட்ட வேண்டுமாம். ஒன்பதாவது ஆள் எந்த அடிப்படையில் வருகிறார் என்றும் கேட்கிறார்கள்.

முதலில் அனுப்பியது கோயில் திருவிழா நோட்டீஸ்கள், போட்டோக்கள், யூடியூப் இணைப்புகள். சங்கத்தில் ஒருவர், "பேசாமல் டூரிஸ்ட் விசாவில் வாருங்கள், பணத்தை அன்பளிப்பாகக் கொடுத்துவிடுகிறோம்" என்கிறார். மாமாவுக்கும் கொஞ்சம் சபலம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: கொள்ளிடக்கரை

தம்பி, டூரிஸ்ட் விசா பேச்சை இன்றோடு விடுங்கள். அன்பளிப்பு என்று பெயர் வைத்தாலும் அது கூலிதான். மாமா தொழில்முறைக் கலைஞர். சும்மா ஆடினேன் என்றாலும் எடுபடாது. விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்தால் கரகச் செம்பும் சலங்கையும் இருக்கும், போனில் விழா நோட்டீஸ் இருக்கும். பொய் சொன்னதாகப் பதிவானால் நிரந்தரத் தடை வரை போகும்.

நோட்டீஸ்கள் தமிழில் இருந்தால் முழு ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட உறுதிமொழியும் கட்டாயம். அது இல்லாவிட்டால் வெறும் காகிதம். அப்புறம் நிபுணர் கடிதம். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாட்டுப்புறவியல் துறை இருக்கிறது, உங்களுக்குப் பக்கம்தான். "சிறந்த குழு, வாழ்த்துகள்" என்று நாலு வரி வாங்கி வராதீர்கள். மாரியம்மன் கோயில் சக்தி கரகம் எது, ஆட்டக் கரகம் எது, இந்தக் குழு அதில் எப்படித் தேர்ந்தது, இதெல்லாம் தனக்கு எப்படித் தெரியும் என்று எழுதுபவர் சொல்ல வேண்டும்.

பதில்: மேடைக்குப்பின்னால்

இரண்டாவது கேள்விதான் என்னை உறுத்துகிறது. நிகழ்ச்சி நிரலில் என்ன போட்டிருக்கிறார்கள்?

உறுமிச்சத்தம்

6 மணி கரகாட்டம், 7 மணி பொய்க்கால் குதிரை, 7.30 "குழுவினருடன் சினிமா ஹிட்ஸ்".

மேடைக்குப்பின்னால்

அதேதான். பி-3இல் எல்லா நிகழ்ச்சியும் பண்பாட்டுத் தனித்தன்மை உள்ளதாக இருக்க வேண்டும், பெரும்பாலானவை என்றால் போதாது. கரகத்துக்கு நடுவே நாயனத்தில் சினிமா மெட்டு வாசிப்பது நம் ஊரில் வழக்கம்தான், அதை நிபுணர் கடிதத்தில் விளக்கிவிடலாம். கலப்பு இருந்தாலே தள்ள வேண்டியதில்லை என்று 2012இல் ஸ்கர்பால் பண்பாட்டு மைய வழக்கில் குடிவரவுத் துறையின் மேல்முறையீட்டு அலுவலகம் சொல்லியிருக்கிறது. அது அர்ஜென்டினாவிலிருந்து வந்த யூத கிளெஸ்மர் இசைக்குழு. ஆனால் தனியாக ஒரு லைட் மியூசிக் கச்சேரியை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. 7.30ஐ உள்ளூர்ப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, திருத்திய நிரலைச் சங்கத்தின் கடிதத்தோடு அனுப்பச் சொல்லுங்கள்.

சாமான் அண்ணனுக்கு பி-3எஸ், அதாவது கலைஞர்களுக்குத் துணையாக வரும் பணியாளர் விசா. அதற்குத் தனி ஐ-129, தனிக் கட்டணம், தனியாகத் தொழிற்சங்கக் கருத்துக் கடிதம். அவர் இல்லாமல் ஆட்டம் ஏன் நடக்காது என்று எழுத வேண்டும்.

கொள்ளிடக்கரை

ஒன்று விட்டுப்போனது. பதிலை ஒரே கட்டாக அனுப்ப வேண்டும். பாதி இன்று, பாதி அடுத்த வாரம் என்றால் கையில் இருப்பதை வைத்தே முடிவெடுத்துவிடுவார்கள். கெடு கடிதத்திலேயே இருக்கும், நீட்டிப்பு கிடையாது. விரைவாக முடிவு சொல்வதற்கான பிரீமியம் கட்டணம் கட்டியிருந்தால் பதில் போய்ச் சேர்ந்த பிறகு 15 வேலை நாள் புதிதாகத் தொடங்கும்.

உறுமிச்சத்தம்

நன்றி ஐயா, நன்றி அக்கா. சங்கத்தில் சினிமா ஹிட்ஸை எடுக்க முணுமுணுப்பு, ஆனாலும் எடுத்துவிட்டார்கள். மனு ஒப்புதலானால் விசா நிச்சயமா?

மேடைக்குப்பின்னால்

இல்லை தம்பி. ஒவ்வொருவரும் டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பம் போட்டு, தூதரக நேர்காணலுக்குப் போக வேண்டும். திரும்பி வருவார்களா என்று பார்ப்பார்கள். பங்குனி, சித்திரைத் திருவிழாக்களுக்கு அச்சாரம் வாங்கிய சீட்டு இருக்குமே, அதை எடுத்துப் போகச் சொல்லுங்கள்.