மைக்ரோபிலிம் 500 ஆண்டு தாங்குமா?

சுவடிப்பித்தன்:
"எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கிளவுடில் ஏற்றியாயிற்று, இனி மைக்ரோபிலிம் குப்பைக்குத்தான்" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். வயிறு எரிகிறது. சென்னை ரோஜா முத்தையா நூலகத்தில் 1990களிலேயே பழைய நூல்களின் பக்கங்களை மிகச் சிறிதாக்கிப் பிலிம் சுருளில் படமெடுத்து வைத்தார்கள், அதுதான் மைக்ரோபிலிம். பாலியஸ்டர் என்ற பிளாஸ்டிக்கால் ஆன சுருள் 500 ஆண்டு தாங்கும். படிக்க ஒரு விளக்கும் லென்ஸும் போதும். உங்கள் ஹார்ட் டிஸ்க் எத்தனை ஆண்டு தாங்கும்?

வடக்குவீதி:
அதை எழுதியவன் நான்தான். 500 ஆண்டை யார் இருந்து பார்த்தார்கள்? முதன்முதலில் இப்படிச் சிறிதாக்கிப் படம் எடுத்ததே 1839இல். இன்னும் 200 ஆண்டுகூட ஆகவில்லை. ஒரு கல்லூரி நூலகத்தில் நாற்பது வருடச் சுருள் ஒன்றைத் திறந்தேன். குப்பென்று வினிகர் வாடை, பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்து கிடந்தது. இதுதான் உங்கள் 500 ஆண்டா?

சுவடிப்பித்தன்:
அது அசிடேட் என்ற பழைய வகைப் பிளாஸ்டிக் ஐயா, கெட்டால் வினிகர் வாடை வரும்! 1980கள் வரை பெரும்பாலும் அதில்தான் எடுத்தார்கள். சுருளைப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். வெளிச்சம் ஊடுருவினால் பாலியஸ்டர், இருட்டாக இருந்தால் அசிடேட். இதுகூடத் தெரியாமல் தீர்ப்புச் சொல்ல வந்துவிட்டீர்கள்.

வடக்குவீதி:
பிலிம் என்றால் பிலிம்தான். 500 ஆண்டுக்கு ஆதாரம் கேட்டேன், வரவில்லை.

நூலகப்பூனை:
ஆண்டுக் கணக்கை விடுங்கள். தடித்த நாளிதழ்க் கட்டை விரித்துப் படமெடுத்தால் தையல் ஓரத்து எழுத்துகள் மடிப்புக்குள் போய்விடும். "படம்தான் இருக்கிறதே" என்று மூலத்தைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டவர்களை எனக்குத் தெரியும். ஆய்வேட்டுக்காக ஒரு தலையங்கம் தேடினேன். ஒவ்வொரு வரியிலும் கடைசிச் சொல் இல்லை. இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

சுவடிப்பித்தன்:
அது எடுத்தவர்களின் தவறு, பிலிமின் தவறில்லை. ஜெர்மனியில் ஃப்ரைபர்க் பக்கத்துப் பழைய சுரங்கத்தில் 1975 முதல் சுருள்களை எஃகுப் பீப்பாய்களில் அடைத்து வைக்கிறார்கள். அவர்கள் முட்டாள்களா? 500 ஆண்டு, மறுபடி சொல்கிறேன்.

வடக்குவீதி:
அங்கே குளிர். அந்த 500 ஆண்டுக் கணக்கே 21 டிகிரிக்கு மேல் போகாத அறைக்குத்தான். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் ராத்திரி ஏசியை நிறுத்தும் அலுவலகங்களில் அது எப்படி நடக்கும்?

இளவெயினி:
நுண்படம் என்று அழகான தமிழ்ச்சொல் இருக்கிறது. ஏன் மைக்ரோபிலிம், மைக்ரோபிலிம் என்கிறீர்கள்?

சுவடிப்பித்தன்:
வடக்குவீதி, ஏசி ஓடாதது நிர்வாகத்தின் குற்றம். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது வேறெங்கும் படி இல்லாத சுவடிகளும் எரிந்தன. ஒரே ஒரு சுருள் வேறு ஊரில் இருந்திருந்தால்!

வடக்குவீதி:
அந்த வலி எனக்கும் உண்டு. படி வேண்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். அதை ஸ்கேனாக ஐந்து ஊரில் வையுங்கள். 500 ஆண்டுக்கு மட்டும் இன்னும் ஆதாரம் வரவில்லை.

சுவடிப்பித்தன்:
பாலியஸ்டர். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.