யூபிகீ 5 சாவிகளை மாற்ற வேண்டுமா? யூக்லீக் கசிவு குறித்து ஒரு விவாதம்

பூட்டுச்சாவி:
எங்கள் அலுவலகத்தில் 40 பேர் மின்னஞ்சலுக்கும் சர்வர்களுக்கும் யூபிகீ 5 என்ற சிறு யூஎஸ்பி பாதுகாப்புச் சாவி கொண்டுதான் உள்நுழைகிறோம். 2024 செப்டம்பரில் பிரான்சின் நிஞ்சாலேப் ஆய்வகம் ‘யூக்லீக்’ என்ற பெயரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 5.7-க்கு முந்தைய ஃபர்ம்வேர் (கருவிக்குள் பதிந்த நிரல்) கொண்ட சாவிகளில் உள்ள இன்ஃபினியான் சில்லு, உள்நுழைவை உறுதிசெய்ய மின்னணுக் கையொப்பமிடும்போது வெளிவிடும் மின்காந்த அலைகளை அளந்து, கையொப்பமிட அது பயன்படுத்தும் ரகசிய எண்ணான அந்தரங்கச் சாவியைக் கண்டுபிடித்து, நகல் ஒன்றைச் செய்துவிடலாம் என்று அது காட்டியது. இந்தச் சாவிகளின் ஃபர்ம்வேரைப் புதுப்பிக்க வழியே இல்லை. ஆகவே 40-ஐயும் மாற்ற வேண்டும் என்கிறேன். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்க வேண்டுகிறேன்.

நிதானன்:
நான் மறுக்கிறேன். தாக்குபவர் என்னென்ன செய்தாக வேண்டும் என்று பாருங்கள். உங்கள் ஊழியரின் கடவுச்சொல் முதலில் அவர் கையில் இருக்க வேண்டும். பிறகு சாவியை ஊழியருக்குத் தெரியாமல் எடுத்து, உறையைப் பிளந்து, சில்லின் மேல் அளவுமுனையை வைத்து, சில நிமிடங்கள் கையொப்பமிட வைத்து அளந்து, உறையை மறுபடி ஒட்டி, அவர் தேடத் தொடங்குமுன் இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். கருவிகளுக்கே ஏறக்குறைய 11,000 யூரோ ஆகும். இந்தச் சாவிகள் பின்பற்றும் ஃபைடோ என்ற உள்நுழைவுத் தரமுறையில் தளத்துக்குத் தளம் சாவி வேறு என்பதால், இவ்வளவு பாடுபட்டும் கிடைப்பது ஒரு தளத்துக்கான சாவி மட்டுமே. இதற்கு அஞ்சிச் சாவிகளைத் திரும்பப் பெற்றால், புதியவை வரும்வரை 40 பேரும் குறுஞ்செய்தி ஓடிபிக்குத் திரும்புவார்கள். போலித் தளத்தில் ஓடிபியை வாங்கிவிட எந்த ஆய்வகமும் தேவையில்லை.

பூட்டுச்சாவி:
ஓடிபிக்குத் திரும்பக் கூடாது என்பதை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தாக்குதல் கடினம் என்பதைக் காட்டி, பிழை எவ்வளவு அடிப்படையானது என்பதைக் கடந்துபோய்விடுகிறீர்கள்.

இந்தச் சாவிகள் கையொப்பமிடும் இசிடிஎஸ்ஏ முறையில் ஒவ்வொரு கையொப்பத்துக்கும் ஒருமுறை மட்டுமே பயன்படும் ரகசிய எண் ஒன்று எடுக்கப்படுகிறது. அந்த எண் வெளியே தெரிந்துவிட்டால், ஒரே ஒரு கையொப்பத்திலிருந்து சாதாரணக் கூட்டல் பெருக்கலிலேயே அந்தரங்கச் சாவியை எடுத்துவிடலாம். கையொப்பத்தின் நடுவே அந்த எண்ணின் தலைகீழியை (அதனோடு பெருக்கினால் 1 தரும் எண்ணை) கணக்கிட வேண்டும். அதற்கு இன்ஃபினியான் நிரல் நூலகம் யூக்ளிடின் விரிவுபடுத்திய வழிமுறையைப் பயன்படுத்தியது; அதில் எத்தனை படிகள், ஒவ்வொரு படிக்கும் எவ்வளவு நேரம் என்பதெல்லாம் உள்ளே போகும் எண்ணைப் பொறுத்தே மாறும். கணக்கிட ஆகும் நேரமே ரகசியத்தைக் காட்டிக்கொடுக்கும் என்று பால் கோச்சர் எழுதியது 1996-இல். எந்த எண்ணுக்கும் படிகளின் வரிசை மாறாதபடி, ஃபெர்மாவின் சிறிய தேற்றத்தைக் கொண்டு அடுக்கேற்றம் செய்தே தலைகீழியைக் காணும் வழியும் பாடநூல்களில் இருப்பதுதான். அப்படியிருந்தும் இந்தப் பிழை 14 ஆண்டுகள், ஏறத்தாழ 80 உயர்நிலை காமன் கிரைட்டீரியா (பன்னாட்டுப் பாதுகாப்புச் சான்றிதழ்) மதிப்பீடுகளைக் கடந்து, ஒருவர் கண்ணிலும் படாமல் நின்றிருக்கிறது. சான்றிதழை நம்பி வாங்கிய எங்களுக்கு இது சிறிய செய்தி அல்ல.

அலைமானி:
உட்பொதிந்த கருவிகளுக்கு நிரல் எழுதுவது என் தொழில். மின் இணைப்பில் ஒரு ஓம் மின்தடை ஒன்றைச் சேர்த்து, அதன் இரு முனைகளையும் மின் அலைகளைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப்பில் பார்த்தால், 128 பிட் ஏஇஎஸ் குறியாக்கம் ஓடும்போது திரையில் பத்து மேடுகள் வரிசையாகத் தெரியும். அந்தக் குறியாக்கத்தின் பத்து சுற்றுகளையும் விரல்விட்டு எண்ணலாம். ‘பின்’ (PIN) எண்ணைச் சரிபார்க்க நான் எழுதிய நிரல், முதல் தவறான இலக்கத்திலேயே நின்றுவிடுவதை அந்தத் திரையில்தான் பிடித்தேன். கடைசிவரை ஒப்பிடும்படி திருத்தி எழுதினேன். நிரலை இயந்திரக் குறிமுறையாக மாற்றும் கம்பைலரோ, பயனற்ற வேலை என்று கருதி அதைப் பழையபடியே சுருக்கிவிட்டது. இயந்திரக் குறிமுறையைத் திறந்து பார்த்த பிறகே அது எனக்குத் தெரிந்தது. அதனால், நிரலை மட்டும் படித்துவிட்டுக் கசிவு இல்லை என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

நகலெடுப்பில் நான் முதலில் கேட்பது, அந்த ஒரு சாவி எத்தனை கருவிகளுக்குப் பொது என்பதே. கார், கராஜ் கதவுகளின் ரிமோட்டுகளில் இருந்த கீலாக் முறையை 2008-இல் ஜெர்மனியின் போஹம் ரூர் பல்கலைக்கழகக் குழு மின்நுகர்வை அளந்து உடைத்தது. ரிமோட்டின் செய்தியை வாங்கும் ஏற்பிக் கருவியிலிருந்து, எல்லா ரிமோட்டுகளுக்கும் பொதுவான தயாரிப்பாளரின் ரகசியச் சாவியை ஒருமுறை எடுத்துவிட்டால், அதன் பிறகு யாருடைய ரிமோட்டையும் தொட வேண்டியதில்லை. அது அனுப்பும் இரண்டு செய்திகளை ஒட்டுக்கேட்டாலே நகல் தயார். யூக்லீக் அந்த அளவுக்குப் போகவில்லை என்பதில் நிதானன் அவர்களோடு உடன்படுகிறேன்.

நிதானன்:
நன்றி. இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு கையொப்பத்தோடும், ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டே போகும் ஓர் எண்ணி (கவுன்டர்) மதிப்பு செல்கிறது. அது முன்பு வந்ததைவிடக் கூடாமல் இருந்தால், நகல் ஒன்று உலவுகிறது என்று சர்வர் அறிந்துகொள்ளும்.

பூட்டுச்சாவி:
நகலை வைத்திருப்பவர் எண்ணியை நூறு கூட்டி வைத்துக்கொண்டால் போதும், முதலில் உள்ளே போவது அவர்தான். பிறகு வரும் உண்மையான ஊழியர்தான் மறுக்கப்படுவார். திருட்டு நடந்த பிறகு தெரியவரும், நடக்காமல் தடுக்காது. எண்ணியை எப்போதும் பூஜ்யமாகவே அனுப்பும் கருவிகளும் இருப்பதால், அதைப் பொருட்படுத்தாத சர்வர்களும் உண்டு.

அலைமானி:
நிதானன் அவர்களே, ‘ஒரு தளத்துக்கு ஒரு சாவி’ என்ற உங்கள் வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. பதிவு செய்யும் நேரத்தில், “நான் அசல் யூபிகீதான்” என்று சொல்ல வேறொரு அத்தாட்சிச் சாவி கையொப்பமிடுகிறது. பயனரைப் பின்தொடர முடியாதபடி, ஒரே அத்தாட்சிச் சாவியைக் குறைந்தது 1,00,000 கருவிகளாவது பகிர வேண்டும் என்பது ஃபைடோவின் ஏற்பாடு. அதுவும் இசிடிஎஸ்ஏ, அதே நூலகம். யாரோ ஒருவர் தாம் விலைக்கு வாங்கிய சொந்தச் சாவியைப் பொறுமையாகப் பிளந்து அதை எடுத்துவிட்டால், அசல் என்று சர்வர் நம்பும் போலிக் கருவிகளைச் செய்யலாம். இதற்கு எவரிடமும் திருட வேண்டியதில்லை. உங்கள் உள்நுழைவுக் கணக்கு அதனால் உடைந்துவிடாது. ஆனால் அசல் யூபிகீயை மட்டுமே பதிவு செய்ய விடுகிறோம் என்று சொல்லும் நிறுவனத்துக்கு அந்த உறுதி போய்விடுகிறது. யூபிகீயைத் தயாரிக்கும் யூபிகோவின் அறிவிப்பிலேயே இது சொல்லப்பட்டிருக்கிறது.

நிதானன்:
இதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. அத்தாட்சியை நம்பியிருக்கும் இடங்களுக்கு உங்கள் வாதம் சரி. இருந்தாலும் 40-ஐயும் ஒரே நாளில் மாற்றுவதை இப்போதும் எதிர்க்கிறேன். சர்வர் நிர்வாகிகளுடையதை முதலில் மாற்றுங்கள். மற்றவர்கள் சாவிக்கு ஒரு ‘பின்’ (PIN) எண் வைத்து, சர்வரும் அதை ஒவ்வொரு முறையும் கேட்கும்படி செய்தால், சாவியைத் திருடியவருக்கு அந்தப் பின் எண்ணும் தெரிந்திருக்க வேண்டியதாகிவிடும்.

பூட்டுச்சாவி:
நிர்வாகிகள் எங்களிடம் ஆறு பேர். அவர்களுக்கு இந்த வாரமே 5.7 வாங்கச் சொல்கிறேன். யூபிகோ ஆதென்டிகேட்டர் செயலியைத் திறந்து சாவியைச் செருகினால் ஃபர்ம்வேர் எண் தெரியும் என்பதால், மற்ற 34-இல் எவை பழையவை என்பதை நாளை ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறித்துக்கொள்கிறேன். புதிய சாவியைப் பதிவு செய்வதோடு நில்லாமல், பழையதன் பதிவை ஒவ்வொரு தளத்திலும் நீக்கியாக வேண்டும். அது அங்கே இருக்கும்வரை அதன் நகலும் செல்லும்.